ஆறாவது ஆள்

போன மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதற்காக, மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு இரண்டு படிவங்களைப் பூர்த்தி செய்தேன். ஒன்று அரசாங்கத்தின் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். வண்டி எண், வருகிற தேதி, திரும்புகிற தேதி, எத்தனை பேர். இன்னொன்று, தங்குவதற்கு ஒரு வீட்டைப் பிடித்துக்கொடுக்கும் ஆப். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், பள்ளத்தாக்கு தெரிகிற பால்கனி. பெரியவர்கள் நான்கு, குழந்தை ஒன்று, இரண்டு இரவு.

முதல் படிவத்தில் ஆட்கள் எண்ணிக்கை 6 என்று போட்டிருந்தேன். இரண்டாவதில் 5.

இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம்கூட இருக்காது. எனக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். இந்த மாதிரிப் படிவங்களை எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். ஒரு கட்டத்தில் 6 என்றும் இன்னொரு கட்டத்தில் 5 என்றும் வந்தால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி காட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் மணிக்கணக்காக விவாதித்திருக்கிறேன். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு படிவங்கள். மலை ஏறுவதற்கு ஆறு பேர். படுப்பதற்கு ஐந்து பேர். ஆறாவது ஆள் எங்கள் டிரைவர்.

*

எங்கள் ஊர் சாணார்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில் இருக்கிறது. தெற்கே பார்த்தால் சிறுமலை. "என்னடா ஊர் பேர்லயே சாதி இருக்கு" என்று கல்லூரியில் கிண்டல் செய்வார்கள். "அப்படி எத்தனையோ ஊர் இருக்கு, போடா" என்பேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டேன்.

தாத்தா காலத்து வீட்டில் பெரிய திண்ணை இருந்தது. தைப்பூசம் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிறவர்கள் நத்தம் வழியாக எங்கள் சாலையில்தான் வருவார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் துண்டு, காலில் கொப்புளம். இரவு எங்கள் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் படுத்திருப்பார்கள். அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள். யார், எவர் என்று தாத்தா கேட்டு நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்து பார்த்தால் திண்ணை காலியாக இருக்கும். விபூதி வாசனை மட்டும் இருக்கும். விருந்தோம்பல் என்றால் என் மனதில் வருகிற படம் இன்றைக்கும் இதுதான்.

இன்னொரு படமும் உண்டு. அதை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. மாசி, பங்குனியில் எங்கள் மரங்களில் புளி உலுக்குவதற்குக் காலனியிலிருந்து ஒருவர் வருவார். வருஷா வருஷம் அவர்தான். தாத்தாவுக்கு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், அவர் பிள்ளைகளின் பேரெல்லாம் தெரியும். அவருக்கும் அம்மா காப்பி கொடுப்பாள். ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து குடித்ததில்லை. வாசலில் நின்று குடிப்பார். அவருக்கான டம்ளர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பிறையில் தனியாக இருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்.

முன்பின் தெரியாத நூறு பேர் படுத்த திண்ணையில் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு இடமில்லை. சின்ன வயதில் இது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. யோசித்துப் பார்த்தால், தெரியாதவரை உபசரிப்பது சுலபம். அவர் நாளைக்குப் போய்விடுவார். வீட்டின் ஏற்பாட்டில் எதையும் அவர் மாற்றப்போவதில்லை. தெரிந்தவர் உட்கார்ந்தால் நாளைக்கும் உட்காருவார்.

அந்தத் திண்ணை இப்போது இல்லை. நான் அனுப்பிய பணத்தில் வீட்டை எடுத்துக் கட்டியபோது காம்பவுண்டுச் சுவரும் கிரில் கேட்டும் வந்தன. அப்பாதான், "திண்ணைய மட்டும் விட்ருவோமா?" என்று ஒருமுறை போனில் கேட்டார். பாதுகாப்பு முக்கியம் என்று நான் சொன்னேன்.

எங்களைக் கொடைக்கானல் கூட்டிக்கொண்டு போன டிரைவர், அந்தப் புளி உலுக்க வருகிறவருடைய மகன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திண்டுக்கல்லில் ஒரு டிராவல்ஸில் வண்டி ஓட்டுகிறார். நான் "அண்ணே" என்பேன், அவர் "தம்பி" என்பார். அப்பாவை "ஐயா" என்பார்.

*

வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போதே அம்மாவுக்குக் குமட்டல். டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, டேஷ்போர்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்துக்கிட்டே வாங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். வளைவுகளில் அத்தனை மெதுவாக ஓட்டினார். என் மகளுக்கு ஆறு வயது. அவருடைய பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு கியர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தங்கும் வீட்டில் ஒரு கேர்டேக்கர் இருந்தார். எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். மகளுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட். அதைப் பார்த்ததும், "சார், பாப்பாவுக்கு சி ஃபார்ம் போடணும்" என்றார். வெளிநாட்டவர் தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தங்குமிடத்துக்காரர் அதை அனுப்ப வேண்டும். "ஓசிஐ அட்டை இருக்குங்க" என்றேன். "அட்டை இருந்தாலும் பாஸ்போர்ட் வெளிநாடுதானே சார்." அவர் கேட்டது அவருடைய வேலை. எனக்குத்தான் முகம் சுருங்கியது. என் ஊர் இருக்கிற மாவட்டத்திலேயே என் மகள் அந்நியர் என்று ஒரு படிவம். பால்கனியில் நின்று மனைவியிடம் அரை மணி நேரம் புலம்பினேன். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றுகூடச் சொன்னேன்.

அந்த அரை மணி நேரமும் டிரைவர் அண்ணன் கீழே வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எந்த அட்டையும் கேட்கவில்லை. அந்த வீட்டின் பதிவேட்டில் அவர் இல்லை. என் மகளை அந்நியர் என்றாவது எழுதிக்கொண்டார்கள்.

ராத்திரி பத்தரைக்கு அப்பா ஹாலில் ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டிருந்தார். "யாருக்குப்பா?" என்றேன். "அவன் கார்ல படுத்துக் கெடக்கான்டா. இந்தக் குளிர்ல." சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மே மாதம்தான். ஆனால் கொடைக்கானலில் ராத்திரி ராத்திரிதான். நானும் பின்னால் போனேன்.

"ஏப்பா, உள்ள வந்து படு. ஹால் சும்மாதான கெடக்கு."

"பரவால்லைங்கய்யா. வண்டிதாங்கய்யா எனக்கு ரூமு. பழக்கந்தான்."

"அட வாய்யா. நான் சொல்றேன்ல."

சத்தம் கேட்டுக் கேர்டேக்கர் வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், டிரைவரெல்லாம் உள்ள படுக்க அலவ் பண்றதில்ல. ஓனர் சொல்லிருக்காரு. எக்ஸ்ட்ரா பெர்சன்னா சார்ஜ் வரும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். புக் செய்தவன் நான்தானே. நான் என்ன செய்தேன் என்றால், "எவ்வளவு?" என்று கேட்டேன். ஒரு மனிதருடைய முகத்துக்கு நேராக, அவர் படுப்பதற்கு எவ்வளவு என்று கேட்டேன். விருந்தாளி எத்தனை மெல்லியவர் என்பதற்கு வள்ளுவர் அனிச்சப் பூவைக் காட்டுகிறார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். முகம் வாடுவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். டிரைவர் அண்ணன் சிரித்தபடி கார்க் கதவைத் திறந்தார். "போய்ப் படுங்க தம்பி, பாப்பா முழிச்சிரப் போவுது" என்றார். அப்பா தன் கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

*

"அவருக்கு பேட்டா குடுக்கறோம்ல? நைட் ஹால்ட்டுக்குத் தனியாவும் குடுக்கறோம்" என்றாள் மனைவி. அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. தூங்காமல் புரண்டுகொண்டிருந்தவனைச் சமாதானப்படுத்தச் சொன்னாள். அந்த வாதத்தை நான் சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. டிராவல்ஸ் பில்லில் டிரைவர் பேட்டா என்று ஒரு வரி இருக்கிறது. இரவு தங்கினால் அதற்கும் ஒரு தொகை. அந்தப் பணத்தில் அவர் அறை எடுக்கலாம், அல்லது வண்டியில் படுத்துப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அவர் தேர்ந்தெடுக்கிறார். இதில் நமக்கு என்ன?

இது நியாயமான கணக்குப் போலத் தெரிகிறது. நான் பில்லைப் பார்த்தேன். எங்களுடைய இரவுத் தொகை ஐந்நூறு ரூபாய். மே மாதக் கொடைக்கானலில் ஐந்நூறு ரூபாய்க்கு அறை கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், டிராவல்ஸ்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அறைக்கென்று கொடுக்கிற பணம், ஆனால் அறை எடுக்க முடியாத பணம். அந்த ஐந்நூறு உண்மையில் எதற்கு என்றால், நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு. தொகை கொடுத்தாயிற்று, கட்டம் நிரம்பிவிட்டது, அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

பணத்தைத் திட்டுவதும் சுலபம். பழைய காலத்தில் எல்லாம் அன்பால் நடந்தது, இப்போது எல்லாம் காசு என்று எழுதிவிடலாம். அப்படி எழுத முடியாதபடி நம் வரலாறு இருக்கிறது. பெரியார் இளம் வயதில் காசிக்குப் போனபோது, பசியோடு ஒரு சத்திரத்துக்குள் நுழையப் பார்த்து, பிராமணர் இல்லை என்று வெளியே தள்ளப்பட்ட கதை அவருடைய வரலாறுகளில் தவறாமல் வரும். அந்தச் சத்திரத்தைக் கட்டிய செல்வரே பிராமணர் அல்லாதவர் என்று சுவரில் எழுதியிருந்ததாம். இலவசச் சோறு, தர்மச் சத்திரம், எல்லாம் அன்பால் நடந்ததுதான்.

அம்பேத்கர் எழுதியது இன்னும் எனக்கு நெருக்கமானது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். ரயிலடியில் இறங்கியதும் அவருக்கு வந்த முதல் கேள்வி, எங்கே தங்குவது? இந்து விடுதிகளில் இடம் தர மாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்குகிறார். பதினோராவது நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றுகிறது. நண்பர்களிடமும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் ரயிலைப் பிடிக்கிறார். அயல்நாட்டில் இருந்த வருடங்கள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன்னிடமிருந்து துடைத்துவிட்டிருந்ததாக அந்தக் குறிப்பில் சொல்கிறார்.

எனக்கு வெளிநாடு துடைத்தது வேறு ஒன்றை. நான் எந்த இடத்திலிருந்து வந்தவன் என்பதை அது துடைத்துவிட்டிருந்தது. சாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி நான் நம்பியிருந்தேன். அப்பாவின் தனி டம்ளரைக் கல்லூரி நாட்களில் சண்டை போட்டு ஒழித்தவன் நான்தான். அன்றைக்கு ராத்திரி அந்த அப்பா ஜமுக்காளம் விரித்தார். நான் விலை கேட்டேன்.

*

காசு கொடுத்துத் தங்குகிற லாட்ஜ் இந்த நாட்டில் ஒரு விடுதலை என்றுதான் நினைக்கிறேன். சட்டம் ஒரு பக்கம் இருக்க, ரிசப்ஷனில் கேட்கிறது பெயரும் விலாசமும் வாடகையும்தான். சொந்தக்காரர் வீடும் சாதிச் சத்திரமும் இல்லாதவனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்த விடுதலை எண்ணப்பட்டவர்களுக்குத்தான். பழைய திண்ணையில் ஒருவரை உட்காரக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அதற்கு யாரோ ஒருவர் மனசறிந்து காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சண்டை போடவும் ஒரு ஆள் எதிரில் இருந்தார். நான் 5 என்று போட்டபோது யாரையும் விலக்குகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. என்னோடு யார் சண்டை போடுவது?

எனக்கு எட்டு வயதில் நாங்கள் முதன்முதலாகக் கொடைக்கானல் போனோம். வாடகை வேன். பெரியப்பா குடும்பமும் நாங்களும். பிளம்ஸ் பழம், ஏரியில் படகு, பெரியம்மா குரங்கிடம் பறிகொடுத்த முறுக்குப் பை, லாட்ஜில் ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்தது, எல்லாம் நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் அப்பாவிடம் கேட்டேன், "அந்த வேன் டிரைவர் எங்கப்பா படுத்தாரு?" அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். "தெரியலையேடா" என்றார். அம்மாவுக்கும் தெரியவில்லை. குரங்கு எங்கே உட்கார்ந்திருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

*

மியூனிக்கில் முதல் மூன்று வாரம் எனக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரு தமிழ் நண்பருடைய ஹாலில், சோஃபாவில் படுத்திருந்தேன். தங்கமான மனிதர். ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் அவர் எழுவதற்கு முன்னால் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிடுவேன். பாத்ரூம் போவதற்கு அவர் மனைவி குளித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். குழம்பில் உப்புக் குறைவு என்றால் சொல்ல மாட்டேன். பிறகு வாடகை வீடு கிடைத்தது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்த வீட்டுக்காரர் என்னிடம் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் முதல் ராத்திரி நான் தூங்கியது போல மூன்று வாரமும் தூங்கவில்லை. அங்கே நான் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கை விட்டுத் தூரமாக எங்குமே போகாத இம்மானுவேல் கான்ட், 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறு நூலில் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுகிறார். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைத் தெளிவாக்குகிறார்: இது கருணை பற்றிய பேச்சு இல்லை, உரிமை பற்றியது. பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். அதனால் வந்து நிற்கிறவனை எதிரியாக நடத்தாமலிருப்பது அவனுக்கு நாம் செய்யும் தயவு இல்லை. அவர் கொடுக்கும் உரிமை மிகக் குறைவானதுதான். வந்து போகிற உரிமை மட்டும். விருந்தாளியாகத் தங்கும் உரிமைக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்கிறார். வந்து போகிறேன் என்று சொல்லி ஐரோப்பிய வணிக நாடுகள் இந்துஸ்தானத்தில் செய்ததையும் அதே இடத்தில் கண்டிக்கிறார். கல்லூரி முடித்த புதிதில் படித்தபோது, இவ்வளவு கஞ்சத்தனமான விருந்தோம்பலா, எங்கள் தாத்தா திண்ணையைப் பார்க்காத மனுஷன் என்று நினைத்தேன்.

கொடைக்கானலில் அந்த ராத்திரிக்குப் பிறகு கான்ட் சொல்வதன் அருமை புரிகிறது. அப்பா விரித்த ஜமுக்காளம் முப்பது வருஷம் தாமதமாக வந்தாலும் உண்மையான அன்பு. ஆனால் அதில் படுப்பதற்கு டிரைவர் அண்ணன் எதையெல்லாம் மறக்க வேண்டும்? மாட்டுக்கொட்டகைப் பிறையில் இருந்த டம்ளரை மறக்க வேண்டும். காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து மடித்து வைக்க வேண்டும். எங்கள் பெருந்தன்மையை நாங்கள் ஊரில் சொல்லிக்கொள்வதைக் கேட்க வேண்டும். காரில் அவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. வண்டிதான் எனக்கு ரூமு என்று அவர் சொன்னதை நான் முதலில் அடக்கம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜுகளும் சுற்றுலா வண்டி ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள தங்குமிடம் வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. எவ்வளவு இடங்களில் நடக்கிறது என்பது வேறு கேள்வி. நாங்கள் எடுத்தது போன்ற தனி வீடுகளில் அதன் வாடையே இல்லை. ஆனாலும் விதியின் அந்த வறட்டு மொழி எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் அன்பு என்ற சொல் வராது. யாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கிவந்து கூப்பிட வேண்டியதில்லை. அங்கே ஒரு கட்டில் இருக்கும், அது அவருடையது, அவ்வளவுதான். போன வருஷம் சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அதில் வாடகை வண்டி எத்தனையோ அத்தனை டிரைவர்கள். மலை தாங்குகிற வண்டிகளை எண்ணத் தெரிந்த நமக்கு, அந்த வண்டிகளுக்குள் படுத்திருக்கிறவர்களை எண்ணுவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

அதற்காக ஜமுக்காளம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விதி வருகிற வரைக்கும் குளிர் காத்திருக்காது. அந்தக் கம்பளியை அவர் வாங்கிக்கொண்டார். கருணை தப்பில்லை. உரிமை இருக்க வேண்டிய இடத்தில் கருணை வந்து உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பார்த்துத் தானே நெகிழ்ந்துபோவதுதான் தப்பு.

*

திரும்பி வந்து சாணார்பட்டியில் இறங்கியபோது மத்தியானம். அம்மா, "சாப்ட்டுட்டுப் போப்பா" என்றாள். டிரைவர் அண்ணன் கேட்டுக்கு வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தார். டைனிங் டேபிளில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. என் மகள் மட்டும் அவரிடம் ரிவர்ஸ் கியரைப் பற்றி இன்னொரு சந்தேகம் கேட்டாள்.

அடுத்த வருஷம் ராமேஸ்வரம் போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஆப்பைத் திறந்து 6 என்று போட்டுப் பார்த்தேன். விலை கொஞ்சம் ஏறியது, நாங்கள் தாங்க முடியாத விலை இல்லை. புக் செய்வதற்கு முன்னால் டிரைவர் அண்ணனுக்கு போன் செய்தேன். நம்ம கூடவே தங்கற மாதிரி பெரிய வீடாப் பாக்கட்டுமாண்ணே என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "தனி ரூமா இருந்தா சொல்லுங்க தம்பி. இல்லன்னா எனக்கு வண்டியே போதும்."

தனி அறை உள்ள இடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.